சுண்டல் போதும், ரவிக்கைத் துணி வேண்டாம்

நவராத்திரித் தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணியை யாரும் தைத்துப் போடுவதில்லை. தையல்காரி சொல்கிறேன், நம்பலாம். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சந்தில் கடை வைத்திருக்கிறேன். ஓணத்துக்கு முன்னால் செட்டுமுண்டுக்கு ரவிக்கை தைக்க வருவார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகளின் பாவாடை சட்டை வரும். முகூர்த்த மாதங்களில் பட்டு வரும், கூடவே அவசரமும் வரும். நவராத்திரி முடிந்த வாரம் மட்டும் கடையில் ஈ ஓட்டுவேன். ஊரில் அத்தனை வீடுகளில் அத்தனை பேருக்கு ரவிக்கைத் துணி கொடுத்திருக்கிறார்களே, அதெல்லாம் எங்கே?

சுற்றிக்கொண்டிருக்கிறது. கரமனையில் ஒரு மாமி கொடுத்தது வலியசாலைக்குப் போகும். அங்கிருந்து ஒரு வளைகாப்புக்குப் போய், அடுத்த கொலுவுக்குக் கரமனைக்கே திரும்பும். பச்சையில் மஞ்சள் புள்ளி போட்ட ஒரு துணியை எனக்கு முகம் பார்த்தே அடையாளம் தெரியும். மடிப்பு கலையாமல் ஊரைச் சுற்றிவந்து, மடிப்பு வெளுத்த பிறகுதான் அது ஓய்வு பெறும். ஓய்வு என்றால் அடுப்பங்கரைக் கைப்பிடித் துணியாகக்கூட ஆகாது. பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, சூட்டில் உருகும். நேரே குப்பைதான்.

எங்கள் ஊர் கோட்டாறு. நாகர்கோவிலில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். அம்மா வீட்டுக் கொலுவில் ரவிக்கைத் துணி உண்டு. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பருத்தி. வாங்கிப் போனவள் தைத்துப் போட்டுக்கொண்டுதான் அடுத்த வருஷம் வருவாள். இப்போது கொடுப்பது வேறு சங்கதி. சாலை பஜாரில் கட்டுக்கட்டாக வாங்கும் சன்னமான துணி, அதோடு ஒரு பிளாஸ்டிக் குங்குமச் சிமிழ், கைப்பிடி உடைந்தே வரும் சீப்பு, ஒரு கண்ணாடி, ஒரு குட்டி டப்பா, எல்லாவற்றையும் போட்டுக் கொடுக்கப் பளபளப்பான ஒரு பை. இதற்கு ‘ரிட்டர்ன் கிஃப்ட்’ என்று பெயர் வந்த நாளிலிருந்து கொலுவைப் பார்க்க வருகிறவர்கள் பையைத்தான் பார்க்கிறார்கள்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கொலுவைப்போலச் சிக்கனமான பண்டிகை நம்மிடம் வேறில்லை. அதைக் கெடுப்பது தாம்பூலப் பை. அதை நிறுத்திவிட்டால் மிச்சத்தைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை.

கொலுவில் என்ன செலவாகிறது என்று பாருங்கள். படி கட்டுவது வீட்டிலுள்ள பெட்டி, பெஞ்சு, ஸ்டூலை வைத்து. மேலே விரிப்பது வேட்டி. பொம்மைகள் பாட்டி காலத்து விளாச்சேரி மண், பண்ணுருட்டிக் காகிதக் கூழ், ஒரு ஜோடி மரப்பாச்சி. வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மை வாங்குவது வழக்கம். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் பழைய வேட்டித் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றுகிறோம். எதையும் கொண்டுபோய்த் தண்ணீரில் கரைப்பதில்லை.

இந்த ஊர் நவராத்திரிக்கே அந்தக் குணம் உண்டு. பத்மநாபபுரத்திலிருந்து, கம்பர் பூஜித்தது என்று நம்பப்படும் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் புரட்டாசியில் புறப்பட்டுக் குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, கரமனை வழியாக இங்கே வந்து சேர்கிறார்கள். 1956 நவம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த நடை நிற்கவில்லை. எல்லையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறார்கள். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் இருப்பாள். முருகனுக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை. இரண்டு கோயிலும் என் கடையிலிருந்து நடக்கிற தூரம். ஒன்பது நாள் விருந்து முடிந்ததும் வந்த வழியே ஊர் திரும்புகிறார்கள். தெய்வங்களே எதையும் போட்டுவிட்டுப் போகாத ஊரில் நாம் பையைப் போட்டுவிட்டுப் போகிறோம்.

எங்கே போடுகிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். தம்பானூர் ரயில் நிலையத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், 1931-இல் திறந்த அந்தக் கருங்கல் கட்டடம். அதன் அடியில் ஆமயிழஞ்சான் ஓடை போகிறது. பிளாட்பாரத்தில் நிற்பவர்களுக்கு அது தெரியாது. தண்டவாளங்களுக்குக் கீழே மூடிய வழியில் நுழைந்து, மறுபக்கம் தகரப்பறம்பு, பாற்றூர், கண்ணம்மூலை என்று போய் ஆக்குளம் காயலில் சேருகிறது. ஊரின் குப்பையில் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும்.

2024 ஜூலை 13-ஆம் தேதி, தண்டவாளத்துக்கு அடியில் அந்தக் குப்பையை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை மழைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று. தீயணைப்புப் படை வந்தது, ஸ்கூபா வீரர்கள் வந்தார்கள், பேரிடர் மீட்புப் படை வந்தது, ரோபோவை இறக்கினார்கள். முக்குளிக்க வந்தவர்களை மறித்தது தண்ணீரைவிட அதில் அடைந்து கிடந்த பிளாஸ்டிக். மூன்றாம் நாள் காலையில் தகரப்பறம்புப் பக்கம் உடல் மிதந்தது. ரயில்வே மாநகராட்சியைச் சொல்லிற்று, மாநகராட்சி ரயில்வேயைச் சொல்லிற்று, உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த மூன்று நாளும் எங்கள் சந்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

நவராத்திரிப் பைதான் ஓடையை அடைத்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், சரிதான். லாட்ஜும் ஓட்டலும் பார்சல் கடையும் போடுவதற்கு முன்னால் நம் குங்குமச் சிமிழ் எம்மாத்திரம்? ஆனால் ஓட்டல்காரரைத் திருத்துவது என் கையில் இல்லை. என் கொலு என் கையில் இருக்கிறது. அந்த வருஷம் அக்டோபரில் படி கட்டும்போது, பை வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்தோம்.

இன்னொரு காரணமும் உண்டு. நவராத்திரி இங்கே துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகிறது. 2023-இல் அக்டோபர் 14 மகாளய அமாவாசை. அன்று சாயங்காலம் பொம்மை எடுத்துவைத்துவிட்டுப் படுத்தோம். இரவெல்லாம் கொட்டிய மழையில், நவராத்திரி முதல் நாள் விடிந்தபோது நகரத்தில் பல இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர். கண்ணம்மூலைப் பக்கத்துக்காரர்கள் பொம்மையைவிட்டுப் பாத்திரங்களை மேலே ஏற்றினார்கள். தண்ணீர் ஓட வழியில்லாத ஊரில் மழைக்காலத்துப் பண்டிகை இது. பஸ் ஸ்டாண்டு முன்னால் முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொலுவுக்குப் போனவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

இனி என் தொழில் பாடம் ஒன்று. துணி வாங்கும்போது ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, கழுவும் தொட்டிக்கு மேலே தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பட்டு என்றால் முடி கருகிய நாற்றம். பாலியெஸ்டர் என்றால் சுருங்கி, உருகி, ஆறியதும் கறுத்த மணியாகக் கெட்டிப்படும். கடைக்காரர் எத்தனை சத்தியம் செய்தாலும் இந்த மணி பொய் சொல்லாது. உருகும்போது அதைத் தொட்டுவிடாதீர்கள், தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் விஷயம். இப்போது கொலுப்படிக்குப் பின்னால் திரையாகத் தொங்கவிடுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் நெட்டும் சாட்டினும். அதற்கு முன்னால் குத்துவிளக்கு. அதைச் சுற்றிப் பாவாடை கட்டிய பிள்ளைகள். அந்தப் பாவாடைக்கும் விரிவாக நிற்கவேண்டும் என்று உள்ளே நைலான் கேன்கேன் தைக்கச் சொல்கிறார்கள். காசு தருகிறார்கள், தைக்கிறேன். ஆனால் கொலுவுக்கும் தீபாவளி மத்தாப்புக்கும் போட என்று சொன்னால், பருத்தி லைனிங் வைத்து, தரையைத் தொடாமல் கணுக்காலுக்கு மேலே நிறுத்தித்தான் தருவேன். தாய்மார்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். பருத்தியும் தீப்பிடிக்கும், வேகமாகவே பிடிக்கும். ஆனால் உருகித் தோலில் வழியாது.

எங்கள் வீட்டில் படிக்கு விரிப்பது என் வீட்டுக்காரரின் பழைய வேட்டி. குத்துவிளக்கு படியில் ஏறாது. தரையில், பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில், படியிலிருந்து இரண்டு கை தூரம் தள்ளித்தான் நிற்கும். ஆள் இல்லாத அறையில் சுடர் கிடையாது. வாசலுக்குப் போகும்போதும் பூவால் அமர்த்திவிட்டுத்தான் போவேன். சீரியல் விளக்கைப் பற்றிச் சண்டையில்லை, எல்.இ.டி. குறைந்த மின்சாரம்தான் தின்னும். ஆனால் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் விளக்கும் மிக்ஸியும் ஃபேனும் சேர்ந்து நிற்கக் கூடாது. துலாவர்ஷத்து இடி இங்கே பிற்பகலில்தான் தொடங்கும், கொலுவுக்கு ஆள் வரும் நேரத்தில். முதல் முழக்கம் கேட்டதும் பிளக்கை உருவிவிடுவோம். இருட்டில் பொம்மை இன்னும் அழகாகத்தான் இருக்கும்.

தெர்மாகோல் கோபுரம், தெர்மாகோல் தாமரை செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவது 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. ஸ்வீட் பெட்டியைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் அதே பட்டியலில் இருக்கிறது. கேரளத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை 2020 தொடக்கத்திலேயே வந்தாயிற்று, தமிழ்நாட்டில் அதற்கும் ஒரு வருஷம் முன்னால். பிளாஸ்டிக் வேண்டாம் என்று ‘துணிப்பை’யில் தாம்பூலம் கொடுக்கிறோம் என்பவர்களுக்கு மறுபடியும் தீக்குச்சிதான் பதில். ஊசி நூலே இல்லாமல் ஓரம் ஒட்டியிருக்கும் அந்தப் பை துணியே கிடையாது, பாலிபுரோப்பிலீன். உருகிச் சொட்டும். சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைந்த கனமுள்ள அந்தப் பைகளுக்கு 2021 செப்டம்பர் 30 முதல் மத்திய அரசின் தடை இருக்கிறது. கடைகளில் தொங்குவதை நீங்களே தடவிப் பாருங்கள்.

பொம்மைக்குச் சாயம் பூசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூக்கு உடைந்த பொம்மையைத் தூக்கிப் போடாமல் ஒட்டிப் பூசுவது நல்ல பழக்கம். ஆனால் பரணில் கிடக்கும் பழைய எனாமல் டப்பாவைத் திறக்க வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிள்ளைகள் பொம்மையைத் தொட்ட கையோடு சுண்டல் தின்பார்கள். தண்ணீரில் கரையும் போஸ்டர் கலர் போதும்.

சுண்டல் என்றதும் நினைவு வருகிறது, அதையும் பார்சல் ஆக்கிவிட்டார்கள். ஃபாயில் டப்பாவில் போட்டு, மேலே ரப்பர் பேண்டு மாட்டி, தாம்பூலப் பையில் திணித்து அனுப்புகிறார்கள். இந்த ஊர் புழுக்கத்தில் தேங்காய் போட்ட சுண்டல் பைக்குள் மூன்று வீடு சுற்றி வந்தால் ஊசிப்போகாமல் என்ன செய்யும்? வயிற்றுக்கும் ஆகாது, குப்பைக்கும் கூடுதல். என் முறை பழைய முறைதான். கொண்டைக்கடலையை முந்தின ராத்திரியே ஊறவைத்துக் காலையில் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுவேன். ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம் தாளித்துத் தேங்காயைத் தூவுவது. வாழையிலைத் துண்டில், கிடைத்தால் வட்டயிலையில், கையில் கொடுத்து அங்கேயே சாப்பிடச் சொல்லிவிடுவேன். சாப்பிட்டுக்கொண்டே பாடச் சொன்னால் தப்பிக்க முடியாது என்பது இதில் இன்னொரு வசதி. பை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இப்போதெல்லாம் யார் பாடுகிறார்கள்?

பூவுக்கு வருவோம். இங்கே வரும் பூவில் பெரும்பங்கு தோவாளையிலிருந்து வருகிறது, எங்கள் ஊர் வழியாக. அதிகாலை பஸ்ஸில் பூக்கூடை வந்து இறங்கும் வாசனையில்தான் தம்பானூர் கண் விழிக்கும். வாழைநாரில் கட்டிய சரம் என்றால் வாடியதும் அப்படியே வீட்டில் உரமாக்கும் கிச்சன் பின்னில் போடலாம், தென்னைநார்த் தூள் ஒரு கை தூவினால் நாரோடு மக்கிப்போகும். நைலான் நூலில் கட்டியது என்றால் ஒவ்வொரு சரத்தையும் பிரித்து நூலை உருவ வேண்டும், இல்லையென்றால் உரத்தை அள்ளும்போது கையில் சிக்கும். நூல் பிரிப்பதே பிழைப்பாக இருக்கும் எனக்கே அதற்குப் பொறுமையில்லை. பூக்காரியிடம் ‘அக்கா, நாரில் கட்டினது குடு’ என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் வரும்.

இந்தக் கிச்சன் பின் ஆசைப்பட்டு வந்ததல்ல. நகரத்துக் குப்பையெல்லாம் விளப்பில்சாலை கிராமத்தில் போய்க் கொட்டப்பட்டது. நாற்றம் தாங்காமல் அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காகப் போராடி, 2011 டிசம்பரில் ஆலையை மூட வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவரவர் குப்பை அவரவர் வீட்டில் என்ற நிலைமை வந்தது. எங்கள் மாடியில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் வந்து கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை எடுத்துப்போகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் சுண்டல் டப்பாவை நீட்டினால், ‘சேச்சி, கழுகித் தா’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் சொல்வது நியாயம். நாம் தின்ற எச்சிலை அவர்கள் ஏன் தரம் பிரிக்க வேண்டும்?

‘காலங்காலமாக நடக்கிற வழக்கத்தை நிறுத்தலாமா? சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்புவதா?’ என்று பக்கத்துக் குடியிருப்பு மாமி கேட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவருக்குப் பதில் சொல்லாமல் வர முடியாது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு பழம், கொஞ்சம் பூ. மாமி, இதுதான் தாம்பூலம். இதில் எதையும் நான் நிறுத்தவில்லை. சீப்பும் டப்பாவும் எந்தச் சாஸ்திரத்தில் வந்தது? வழக்கத்தைப் பற்றி இந்த ஊருக்குத் தெரியாததா? சுவாதித் திருநாள் கிருதிகளைப் பாடும் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக் கூடாது என்பது எத்தனை தலைமுறை வழக்கம்! 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் அங்கே உட்கார்ந்து பாடினார். சரஸ்வதி கோபித்துக்கொண்டு பத்மநாபபுரத்துக்குத் திரும்பிப் போய்விடவில்லை. மாமி சிரித்துவிட்டார். ஆனாலும் தன் கொலுவுக்கு ஸ்டீல் கிண்ணம் கொடுத்தார். ஸ்டீல் பரவாயில்லை, அதில் தயிர் உறைகுத்தலாம்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கடையில் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, சந்தனம் வைத்து, கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வைப்போம். பூசணிக்காய் உடைப்பதில்லை. மழை பெய்த தார்ரோட்டில் குங்குமம் தடவிய பூசணித் துண்டு, அதன் மேல் ஸ்கூட்டர் சக்கரம். யாருடைய திருஷ்டி யாருக்குக் கழிகிறது?

கடைசியாகத் தொழில்முறையில் ஒரு வேண்டுகோள். இத்தனை சொன்ன பிறகும் ரவிக்கைத் துணி கொடுத்தே தீருவேன் என்பவர்கள், பத்துப் பேருக்குக் கொடுப்பதை இரண்டு பேருக்குக் கொடுங்கள், ஆனால் பருத்தியாகக் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும் அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக இருக்கட்டும். எண்பது சென்டிமீட்டர் வாங்காதீர்கள், முழு மீட்டராக வாங்குங்கள். எண்பதில் வெட்டினால் ஒல்லியான பெண்ணுக்கே முழங்கைவரை கை வராது, நம்மைப் போன்ற உடம்புக்குக் கேட்கவே வேண்டாம். கரை போட்டதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டி. சாயம் போகுமா என்று வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். தீபாவளிக்குள் வேண்டும் என்றால் விஜயதசமிக்கு மறுநாளே கடைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், ஐப்பசி பிறந்து வந்தால் வாங்கி வைக்க எனக்கு இடமிருக்காது.